முதல்ல குழாய், அப்புறம் சுவர்: மெட்ராஸ் குடிசைப் பகுதிகளில் நடந்த ஒரு பரிசோதனை

இன்னைக்கு எபிசோடை ஒரு சப்வேல இருந்து ஆரம்பிக்கலாம்.

தி.நகர்ப் பக்கம் புழங்குறவங்களுக்கு மேட்லி சப்வே தெரியும். கனமழை பெஞ்சா "இந்த வழியா போகாதீங்க"ன்னு டிராஃபிக் போலீஸ் போடுற லிஸ்ட்ல அடிக்கடி பேர் வர்ற இடம். அந்த மேட்லி யாருன்னு பார்த்தா கொஞ்சம் சிரிப்பு வரும். ஜே.டபிள்யூ. மேட்லி, மெட்ராஸ் மாநகராட்சியோட தண்ணீர் இன்ஜினியர். ஊருக்கே தண்ணி கொண்டுவந்தவர் பேர்ல இருக்குற சாலையில தண்ணி வடிய மாட்டேங்குது.

1872லயே செங்குன்றம் ஏரித் தண்ணி கால்வாய் வழியா கீழ்ப்பாக்கம் வந்து, அங்கிருந்து இரும்புக் குழாய்ல ஊருக்குள்ள போயிட்டிருந்தது. வடிகட்டாத தண்ணி. மேட்லி காலத்துலதான் மூடிய கால்வாய், மணல் வடிகட்டித் தொட்டிகள், பம்பிங் ஸ்டேஷன் எல்லாம் வந்து, 1914ல கீழ்ப்பாக்கம் நிலையம் இயங்க ஆரம்பிச்சது. அவர் போட்ட கணக்கு இது: 1961ல மெட்ராஸ் மக்கள்தொகை 6.6 லட்சமா இருக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கேலன், அதாவது சுமார் 115 லிட்டர். ஐம்பது வருஷம் தள்ளி யோசிச்சிருக்கார் மனுஷன். நம்மகிட்ட அடுத்த குவார்ட்டருக்கு எத்தனை சர்வர் வேணும்னு கேட்டாலே மழுப்புவோம்.

1961 சென்சஸ்ல வந்த எண்ணிக்கை 17 லட்சத்துக்கும் மேல.

நடுவுல நகர எல்லை விரிஞ்சது உண்மைதான். அதையும் கழிச்சுக்கிட்டாலும் டிசைனுக்கும் ஊருக்கும் நடுவுல பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்துல குடியிருந்தவங்கதான் இன்னைக்கு நம்ம கதை. அவங்க வீட்டை அவங்களே கட்டிக்கிட்டாங்க. தண்ணிக் குழாயை மட்டும் யாராலயும் தனியா கட்டிக்க முடியாது. ஓலை வாங்கலாம், செங்கல் வாங்கலாம், கொத்தனார் தெரிஞ்சவரா இருந்தா ஒரே ஞாயித்துக்கிழமையில ஒரு சுவர் எழுப்பிடலாம். செங்குன்றத்துல இருந்து ஒரு குழாய் இழுத்துட்டு வர முடியாது இல்லையா? வீடு, தண்ணி ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இந்த வித்தியாசத்தை ஒரு அரசாங்கம் புரிஞ்சுக்கிட்டா என்ன ஆகும், புரிஞ்சுக்காட்டி என்ன ஆகும்? மெட்ராஸ்ல ரெண்டுமே நடந்திருக்கு.

மயிலாப்பூர்ல இருந்து பார்ப்போம். பறக்கும் ரயில் தூண்கள் எதுல நிக்குதுன்னு எட்டிப் பாருங்க, பக்கிங்ஹாம் கால்வாய். இதுல கூவத்தையும் அடையாறையும் இணைக்கிற துண்டு 1877-78ல வெட்டினது. தாது வருஷப் பஞ்சம்னு பாட்டிமார் சொல்வாங்களே, அந்தப் பஞ்ச காலம். கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு; நிவாரண வேலையா, பசியோட வந்தவங்களைக் கூலிக்கு வச்சு வெட்டினாங்க. கால்வாய்க்கு அவர் பேர் வந்தது, வெட்டினவங்க பேர் எங்கேயும் இல்லை. படகுப் போக்குவரத்து மெல்ல மெல்ல செத்துப்போச்சு. கரை மட்டும் புறம்போக்கா மிஞ்சுச்சு.

மயிலாப்பூர், மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் அந்தக் கரையில ஏன் குடிசைகள் வந்துச்சு? வேலை அங்கதான் இருந்துச்சு. வீட்டு வேலை, கட்டட வேலை, மார்க்கெட் மூட்டை, சைக்கிள் ரிக்‌ஷா. தி.நகரை எடுத்துக்குங்க. 1920கள்ல மயிலாப்பூர்ப் பெரிய ஏரியைத் தூர்த்து உருவாக்கின பேட்டை அது. அங்க கட்டடங்கள் எழும்ப எழும்ப, கட்டினவங்களுக்கும் எங்கேயோ படுக்க இடம் வேணும்ல. அவங்க கட்டின வீட்டுக்கு பிளான் அப்ரூவல் இருந்தது, அவங்க வீட்டுக்கு இல்லை. பக்கத்துல சி.ஐ.டி. நகர்னு ஒண்ணு இருக்கே, அது ஏதோ போலீஸ் பேர்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்டோட சுருக்கம் அது. ஊரை மேம்படுத்த வந்த அமைப்புதான், 1961ல வீட்டு வசதி வாரியமா மாறுச்சு. ஆனா அதோட மனைகளும் வீடுகளும் மாசச் சம்பளம் வாங்குறவங்களுக்குத்தான் எட்டுச்சு.

இனி 1967க்கு வருவோம். கோடையில குடிசைகள் எரியிறது மெட்ராஸ்ல வருஷா வருஷம் நடக்குறது. ஓலை, விறகு அடுப்பு, சீமெண்ணெய் விளக்கு, அணைக்கத் தண்ணி கிடையாது. அண்ணாதுரை ஆட்சிக்கு வந்ததும் தீப்பிடிக்காத வீடுகள் கட்டித் தர்ற திட்டம் வந்தது. 1970ல கருணாநிதி ஆட்சியில தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம், 1971ல அதுக்கான சட்டம். சட்டத்தோட பேரைக் கவனிங்க: குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றுதல் சட்டம். மேம்பாடுதான் முதல்ல வருது. வாரியத்தோட பேர்ல மேம்பாட்டையே காணோம், "மாற்று" மட்டும் இருக்கு. பேர் வைக்கும்போதே ஒரு பாதியை மறந்துட்டாங்க.

அதே 1971ல மெட்ராஸ்ல கணக்கெடுத்து 1,202 குடிசைப் பகுதிகளை சட்டப்படி அறிவிச்சாங்க. இந்த அறிவிப்பு சாதாரண விஷயம் இல்லை. அறிவிக்கப்பட்ட பகுதியில இருக்குறவங்களை நினைச்சபடி காலி பண்ண முடியாது, அங்க வசதி செஞ்சு தர்ற கடமையும் அரசுக்கு வருது. ஒரு சேரி அரசாங்கத்தோட டேட்டாபேஸ்ல ஒரு ரெக்கார்டா ஆகுதுன்னு வச்சுக்குங்களேன்.

வாரியம் முதல்ல கையில எடுத்தது அடுக்குமாடி. தரைத்தளம் சேர்த்து நாலு மாடி. மெரினாவுல நொச்சிக்குப்பம், தி.நகர்ல கிரியப்பா சாலை, தாமஸ் ரோடுன்னு இன்னைக்கும் நாம "ஹவுசிங் போர்டு"ன்னு சொல்ற பிளாக்குகள். (அந்த வார்த்தையை ஒரு வசவு மாதிரி யூஸ் பண்றது நம்ம ஊர்ல எவ்வளவு சகஜம்னு உங்களுக்கே தெரியும். நிறுத்தலாம்.) இந்தக் கட்டடங்களைக் குறை சொல்றது சுலபம். நான் முழுசா சொல்ல மாட்டேன், ஏன்னா ஒரு பெரிய விஷயம் அதுல இருந்துச்சு: இருந்த இடத்துலயே கட்டினாங்க. கடலுக்குப் போறவர் கடல் பக்கத்துலயே இருந்தார்.

பிரச்சனை ரெண்டு. ஒண்ணு, காசு. ஒரு பிளாக் கட்டுற செலவுல சில டஜன் குடும்பங்களுக்குத்தான் வீடு வரும், வெளியில லட்சக்கணக்கான பேர் நிக்கிறாங்க. ரெண்டாவது, தண்ணி. நாலாவது மாடிக்குத் தண்ணி ஏறணும்னா கீழே சம்ப், மேலே டேங்க், நடுவுல மோட்டார். மோட்டார் ரிப்பேர் ஆனா யார் காசு, யார் சாவி? ஊர்க் குழாய்ல பிரஷரே இல்லாதப்ப சம்ப்புல என்ன சேரும்? குடிசையில இருந்தப்ப குடத்தைத் தெருக்கோடில இருந்து தூக்கினாங்க, இப்ப தெருக்கோடில இருந்து மூணு மாடி ஏத்தினாங்க. சுவர் மாறுச்சு, குடம் மாறலை.

அதே சமயம் டெல்லியில இருந்தும் ஒரு திட்டம். 1972ல மத்திய அரசு குடிசைப் பகுதிச் சுற்றுச்சூழல் மேம்பாட்டுத் திட்டம்னு ஒண்ணு கொண்டுவந்தது. அதோட அளவுகோல், 150 பேருக்கு ஒரு குழாய். கேக்க நல்லாதான் இருக்கு. நான் சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு வெறும் 40 லிட்டர்னு வச்சுக்குங்க, மேட்லி கணக்குல மூணுல ஒரு பங்கு. 150 பேருக்கு 6,000 லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர்னா 400 குடம். குழாய் நல்லா கொட்டுது, நிமிஷத்துக்கு 10 லிட்டர்னா, 400 குடமும் நிரம்ப பத்து மணி நேரம் ஆகும், குடம் மாத்துற நேரத்தைச் சேர்க்காம. குழாய்ல தண்ணி வர்றதோ காலையில ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். குழாயடிச் சண்டைன்னு சினிமால காமெடி பண்றோமே, அது யாரோட குணத்தாலயும் வந்ததில்லை. அந்த வகுத்தல் கணக்கு நேரா வரலை, அவ்வளவுதான்.

அஞ்சு பேர் குடும்பத்துக்கு 200 லிட்டர், அதாவது 13 குடம். ஒவ்வொண்ணும் 15 கிலோ. அதைத் தூக்குறது பெரும்பாலும் ஒரு பொண்ணு. அவங்க மயிலாப்பூர்ல ஏதோ வீட்டுக்கு ஏழு மணிக்குப் பாத்திரம் தேய்க்கப் போகணும். தண்ணி லேட்டா வந்தா வேலைக்கு லேட், ரெண்டு நாள் லேட்டானா வேலையே போயிடும். பெரிய பொண்ணை ஸ்கூலுக்கு அனுப்பாம வரிசையில நிக்க வைக்கிறது இப்படித்தான் ஆரம்பிக்குது.

இந்த இடத்துல கொஞ்சம் மெட்ராஸை விட்டு வெளியே போயிட்டு வரலாம். 1950கள்ல, 60கள்ல ஜான் டர்னர்னு ஒரு ஆங்கிலேய ஆர்க்கிடெக்ட் பெரு நாட்டுல வேலை பார்த்தார். லிமா நகரத்து ஓரத்துல ஜனங்க தாங்களே கட்டிக்கிட்ட குடியிருப்புகளைப் பார்த்துட்டு அவர் சொன்னது, அப்போ அதிகாரிகளுக்குப் பைத்தியக்காரத்தனமா பட்டிருக்கும். வீடுங்கிறதை ஒரு பொருளா பார்க்காதீங்க, ஒரு வேலையா பாருங்க, அது வருஷக்கணக்குல நடக்குதுன்னார். காசு வரும்போது ஒரு சுவர், கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ரூம், பையன் சம்பாதிக்க ஆரம்பிச்சா மாடி. அதை ஜனங்களே நல்லா பண்றாங்க. அவங்களால முடியாதது நிலம், தண்ணி, சாக்கடை, ரோடு. அரசாங்கம் அதைச் செய்யட்டும்.

நம்ம ஃபீல்டு ஆட்களுக்கு இது உடனே புரியும். ஓடிக்கிட்டிருக்கிற சிஸ்டத்தை மொத்தமா தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதுறது ஒரு வழி. ஓடவிட்டபடியே அடியில இருக்குற லேயரை மாத்துறது இன்னொரு வழி. முதலாவது பிரசன்டேஷன்ல அழகா இருக்கும்.

மக்நமாரா தலைமையில இருந்த உலக வங்கி இந்த யோசனையைப் பிடிச்சுக்குச்சு. 1972ல செனகல்ல முதல் மனைத் திட்டம். இந்தோனேசியாவுல ஜகார்த்தா நகரம் 1969லயே சொந்தமா ஒண்ணு ஆரம்பிச்சிருந்தது. கம்போங்னு சொல்ற குடியிருப்புகள்ல வீடுகளைத் தொடாம நடைபாதை, வாய்க்கால், குழாய் மட்டும் போட்டுட்டுப் போனாங்க. வீடுகளை ஜனங்களே மாத்திக்கிட்டாங்க. அந்தத் திட்டத்துக்கு 1980ல ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைச்சது. கட்டடமே கட்டாத திட்டத்துக்குக் கட்டடக்கலை விருது!

மெட்ராஸுக்கு இது 1977ல வந்தது. மெட்ராஸ் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், உலக வங்கியோட 2.4 கோடி டாலர் கடன். 80கள்ல இரண்டாம் கட்டம். இதுல ரெண்டு வேலை நடந்துச்சு. ஒண்ணு, இருக்குற குடிசைப் பகுதியை இருந்த இடத்துலயே மேம்படுத்துறது. இன்னொண்ணு, ஊர் ஓரத்துல புது மனைகள் போட்டுக் கொடுக்குறது.

முதல் வேலை எப்படி நடக்கும்னு சொல்றேன், ஏன்னா விஷயமே அதுலதான் இருக்கு. ஒரு பகுதியைத் தேர்ந்தெடுப்பாங்க. குடிசைகளை இடிக்க மாட்டாங்க. சர்வே எடுத்து, சந்து எங்கே ரொம்பக் குறுகுதோ அங்க மட்டும் சில வீடுகளை ரெண்டு அடி, மூணு அடி உள்ள தள்ளச் சொல்லுவாங்க. தண்ணிக் குழாய், பொதுக் குழாயடி, கழிப்பறை, குளியலறை, சாக்கடை, தெருவிளக்கு, சந்துக்கு சிமெண்ட் தளம். அதோட கூட, குடியிருக்குற துண்டு நிலத்தை மாசத் தவணையில அவங்களுக்கே எழுதிக் கொடுக்குற ஏற்பாடு. வீட்டை மேம்படுத்த சின்னதா கடன்.

இதுல தண்ணியும் வீடும் எங்க கோர்த்துக்குதுன்னு பாருங்க. சந்துல முதல்ல சாக்கடை மட்டம் தெரியணும். அது தெரிஞ்சாத்தான் வீட்டு வாசப்படியை எவ்வளவு உயரத்துல வைக்கிறதுன்னு தெரியும். வாசப்படி தெரிஞ்சாத்தான் சுவர். வீட்டை முதல்ல கட்டிட்டு அப்புறம் சாக்கடை வந்தா, வீடு பள்ளத்துல உக்காந்துரும், அடுத்த ஐப்பசியில தெருத்தண்ணி அடுப்படிக்கு வந்துரும். குழாய் மட்டும் வந்து சாக்கடை வரலைன்னா இன்னும் மோசம். உள்ள வர்ற தண்ணி எல்லாம் வெளியே போய்த்தானே ஆகணும்? இதை மறந்துட்டுக் குழாயை மட்டும் திறந்துவிட்ட இடங்கள்ல சேறும் கொசுவும்தான் மிச்சம். மெட்ராஸ் வேற பலகை மாதிரி தட்டையான ஊர், கடல் மட்டத்தை ஒட்டினாப்ல இருக்கு. சாக்கடைக்குச் சரிவு கிடைக்காது, அங்கங்க பம்ப் வச்சுத் தள்ளித்தான் ஆகணும். சந்துல நூறு மீட்டர் சிமெண்ட் வாய்க்கால் கட்டுறது ஈஸி. அது போய்ச் சேர்ற மெயின் லைன் எங்கேங்கறதுதான் கேள்வி.

இதெல்லாம் நடந்த பிறகு வீடுகள் மாறுற விதம் எங்கேயும் ஒரே மாதிரிதான். முதல்ல ஓலை போய் சிமெண்ட் ஷீட். மண் சுவர் போய் செங்கல். அப்புறம் சீட்டுப் பணமோ, அடகு வச்ச நகையோ வந்தா ஒரு நாள் ராத்திரி வரைக்கும் சொந்தக்காரங்க எல்லாம் வந்து நின்னு கான்கிரீட் போடுவாங்க. மேலே கம்பி நீட்டிக்கிட்டே நிக்கும், அடுத்த மாடிக்கு. வெளியில இரும்பு ஏணி. மாடி ரூம் வாடகைக்கு. பாதிப் பேர் கொத்தனாரும் சித்தாளும்தான், வேலையைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டாம். பட்டா கையில வர்றதுக்கு முன்னாடியே இது நடக்கும், ஏன்னா காகிதத்தை விடக் குழாயை ஜனங்க நம்புவாங்க. அரசாங்கமே பள்ளம் தோண்டிக் குழாய் போட்டிருக்கு, இனிமே எப்படிக் காலி பண்ணச் சொல்லுவான்னு ஒரு தைரியம். கரண்ட் பில், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டுப் பீரோவுல வைக்கிறதும் அதே தைரியத்துக்காகத்தான்.

குழாய் எந்த வீட்டு வாசல்ல நிக்கணும்கிறது சந்து அரசியல். யோப் த விட்னு ஒரு டச்சு ஆய்வாளர் 1996ல மெட்ராஸ் குடிசைப் பகுதிகளோட அரசியல் பத்திப் புத்தகமே போட்டார். உள்ளூர்த் தலைவர், கட்சிக் கொடிக்கம்பம், வட்டச் செயலாளர், இவங்க வழியாத்தான் அரசாங்கம் சந்துக்குள்ள வருதுன்னு விளக்கியிருப்பார். உலக வங்கிக்காரங்களுக்கு இது பிடிக்கலை. குடிசை மாற்று வாரியத்துக்கும் வங்கிக்கும் நடந்த இழுபறியைப் பத்தி நித்யா ராமன் 2011ல எழுதின ஒரு கட்டுரை இருக்கு, நல்ல கட்டுரை. சென்னையில கழிப்பறைகளையும் குடிசைப் பகுதிகளையும் மேப் போட்டுக்கிட்டிருந்தவங்க அவங்க. 2020ல லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குப் போய்க் கவுன்சிலராவே ஜெயிச்சுட்டாங்க.

1978ல மெட்ரோ வாட்டர் தனி வாரியமாச்சு. அதுவரைக்கும் தண்ணி மாநகராட்சி கையில. இப்ப பாருங்க: சந்துக்குள்ள வேலை குடிசை மாற்று வாரியம், தண்ணியும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர், ரோடும் விளக்கும் மாநகராட்சி, மொத்த ஒருங்கிணைப்பு எம்.எம்.டி.ஏ. வாரியம் கட்டி முடிச்சு ஒப்படைக்கும், அடுத்தவங்க "எங்க ஸ்பெக்ல இல்லையே"ம்பாங்க. மேம்படுத்தின பகுதிகள்ல பத்து வருஷத்துல பொதுக் கழிப்பறை பூட்டிக் கிடந்ததுக்கு இதுதான் முதல் காரணம்னு நான் நினைக்கிறேன். கட்ட பட்ஜெட் இருந்தது, பார்த்துக்க ஆள் இல்லை. மாநகராட்சி தன் பங்குக்கு ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டாம மேலேயே போட, அவ்வளவு யோசிச்சு வச்ச வாசப்படி எல்லாம் ரோட்டுக்குக் கீழே போச்சு. தவணையும் ஒழுங்கா வசூலாகலை, பத்திரமும் ஒழுங்கா போகலை. கட்டி முடிச்சும் விற்பனைப் பத்திரத்துக்காக வருஷக்கணக்கா அலைஞ்ச குடும்பங்கள் நிறைய.

ரெண்டாவது வேலை, மனைத் திட்டம். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர். அரும்பாக்கம் எம்.எம்.டி.ஏ. காலனி தெரியுமே, அதுதான். கால் கிரவுண்டுக்கும் குறைவான மனைகள் ஏழைகளுக்கு, பெரிய மனைகள் வசதி உள்ளவங்களுக்கு மார்க்கெட் விலையில. அந்த லாபத்துல இந்த நஷ்டம் கழியும். சின்ன மனையில தண்ணி, கழிவுநீர் இணைப்போட ஒரு கழிப்பறை மட்டும் நிக்கும், சிலதுல கூட ஒரு ரூம். மிச்சத்தை நீங்க கட்டிக்கங்க. ஒரு பொட்டல்ல வரிசையா கழிப்பறைகள் மட்டும் நிக்கிற காட்சியை யோசிச்சுப் பாருங்க. அப்போ வந்து பார்த்தவங்க தலையில அடிச்சுக்கிட்டிருப்பாங்க.

குடியேற வருஷங்கள் ஆச்சு. பஸ் இல்லை, வேலை தூரம். இந்த மாதிரித் திட்டங்கள் எல்லாமே மந்தம், தோல்வின்னு உலக வங்கி மெல்ல ஒதுக்கிவிட்டது. 2018ல கேத்ரின் ஓவன்ஸ், சுமிலா குல்யானி, ஆண்ட்ரியா ரிஸ்வி மூணு பேரும் மும்பையிலயும் சென்னையிலயும் அந்த மனைகளைத் திரும்பப் போய்ப் பார்த்து எழுதினாங்க. மனைகள் நிரம்பியிருந்தது, ஜனங்க அடுக்கடுக்கா கட்டியிருந்தாங்க, பல வருமானக்காரங்க கலந்து இருந்தாங்க. தோல்வின்னு சொன்னது அவசரப்பட்டுச் சொன்னதுன்னு அவங்க முடிவு. என் பங்குக்கு ஒண்ணு சேர்க்கணும்: நல்லா வந்த இடங்கள்ல முதல்ல மனை வாங்கின எல்லாருமே இன்னும் அங்க இருக்காங்கன்னு நினைச்சுடாதீங்க. கஷ்டம் வந்து வித்துட்டுப் போனவங்க உண்டு. மனை விலை ஏறினது பேட்டைக்கு நல்லது, வித்தவருக்கு ஒரு தடவை மட்டும்.

மெட்ராஸ் பரிசோதனை எங்க நின்னுச்சோ, அதைத் தாண்டிப் போன ஒரு ஊர் கராச்சி. ஒராங்கின்னு ஒரு பெரிய குடியிருப்பு. 1980ல அக்தர் ஹமீத் கான் அங்க ஒரு பைலட் திட்டம் ஆரம்பிச்சார். வேலையை ரெண்டாப் பிரிச்சார். வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், சந்துகள் சேர்ற குழாய் வரை ஜனங்க தங்கள் காசுல, தங்கள் மேற்பார்வையில. மெயின் லைன், சுத்திகரிப்பு அரசாங்கம். ஒவ்வொரு சந்துக்கும் ஒரு பொறுப்பாளர், காசு அவர் வசூலிப்பார், திட்டத்து இன்ஜினியர்கள் மட்டம் பார்த்துக் கொடுப்பாங்க. இன்டர்ஃபேஸ் எங்கேன்னு ரெண்டு பக்கமும் தெளிவா தெரிஞ்சதுதான் அதோட வெற்றி. நம்ம ஊர்ல அந்தக் கோடு எங்க இருக்குன்னு நாலு ஆபீஸுக்கு நாலு பதில்.

இப்ப மறுபடி கால்வாய்க்கரை. இவ்வளவும் சொன்னேனே, இது எதுவும் கரையில இருந்தவங்களுக்குப் பெரும்பாலும் வந்து சேரலை. நதி, கால்வாய் ஓரம், ரோட்டோரம் எல்லாம் அரசு மொழியில "ஆட்சேபகரமான புறம்போக்கு". மேம்பாடு ஆட்சேபணை இல்லாத நிலத்துக்குத்தான். அங்க குழாய் போட்டா உரிமை கொடுத்ததா ஆயிடும்னு பயம். 1971ல 1,202 பகுதிகளை அறிவிச்சாங்க இல்லையா, 1985ல இன்னும் 17. அதோட சரி, பிறகு பல பத்தாண்டுகள் சென்னையில புதுசா எதையும் அறிவிக்கலை. ஊர் வளர்ந்துச்சு, டேபிள்ல புது வரி விழலை. 2011 சென்சஸ்படி சென்னையில நூத்துக்குச் சுமார் 29 பேர் குடிசைப் பகுதியில இருந்தாங்க. அறிவிக்காத இடத்துல குழாய்க்குப் பதிலா லாரி வரும், தெருமுனையில கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் வரும். நிரந்தரமா இருக்குறவங்களுக்குத் தற்காலிகத் தண்ணி.

90கள்ல வங்கியும் வேற பக்கம் திரும்பிடுச்சு, நகராட்சிகளுக்குக் கடன் கொடுக்குற ஃபண்டு பக்கம். பறக்கும் ரயில் 1995ல சேப்பாக்கம் வரைக்கும், 1997ல மயிலாப்பூர் வரைக்கும் வந்துச்சு, கால்வாய் மேலேயே. கரையில இருந்தவங்க நகர வேண்டியதாச்சு. 2000ல ஒக்கியம் துரைப்பாக்கத்துல கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகர்ல மட்டும் 15,000க்கும் மேல வீடுகள். 2004 சுனாமிக்கு அப்புறம் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துல இருந்து ஒரு பகுதி மக்கள் செம்மஞ்சேரிக்கு. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு கரையில இருந்து பெரும்பாக்கத்துக்கு. வெள்ளத்துல இருந்து காப்பாத்தத்தான் மாத்தினோம்னாங்க. பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டின தாழ்வான இடங்கள், அதே 2015ல அங்கேயும் தண்ணி நின்னுச்சு. மயிலாப்பூர்ல நடந்து போற தூரத்துல நாலு வீட்டு வேலை பார்த்தவங்களுக்கு, காலையில ஒரு பஸ்ஸை விட்டா ரெண்டு வீட்டு வேலை போச்சு. 70கள்ல கட்டின அடுக்குமாடிகள் இருந்த இடத்துலயாவது நின்னுச்சு. இது 1971க்கும் பின்னாடி போனது.

2022 மே மாசம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர்ல, நீதிமன்ற உத்தரவுப்படி கால்வாய் ஓரத்துல 250க்கும் மேற்பட்ட வீடுகளை இடிக்க ஆரம்பிச்சாங்க. பத்து, இருபது வருஷமா செங்கல் செங்கலா கட்டின வீடுகள், கரண்ட் இணைப்பு உள்ள வீடுகள். அங்க குடியிருந்த ஒருத்தர் தீ வச்சுக்கிட்டு இறந்துபோனார். அதுக்கப்புறம்தான் மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியிலயே அவங்களுக்கு வீடு ஒதுக்கப்படும்னு சட்டமன்றத்துல முதலமைச்சர் அறிவிச்சார். பக்கத்துலயே கொடுக்க முடியும்கிறது அதுக்கு முன்னாடி யாருக்கும் தோணலையான்னு கேக்கத் தோணுது.

முந்தின வருஷம் 2021ல வாரியத்தோட பேரையும் மாத்திட்டாங்க. இப்ப தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். ஐம்பது வருஷம் கழிச்சு "மேம்பாடு" பேருக்குள்ள வந்திருக்கு. கையில இருக்குற பெரிய வேலைகள்ல ஒண்ணு, 70கள்ல கட்டின அந்த அடுக்குமாடிகளை இடிச்சுட்டு இன்னும் உயரமா கட்டுறது.

சரி, அடுத்த எபிசோட் வீராணம். 70கள்ல வீராணம் ஏரித் தண்ணியை மெட்ராஸுக்குக் கொண்டுவர்றதுக்காகச் செஞ்ச பிரம்மாண்டமான கான்கிரீட் குழாய்கள், திட்டம் நின்னுபோனதும் ரோட்டோரமா வருஷக்கணக்குல அப்படியே கிடந்துச்சு. வீடில்லாத சில குடும்பங்கள் அந்தக் குழாய்க்குள்ளேயே குடித்தனம் நடத்தினாங்க. உங்க வீட்டுல அறுபது வயசு தாண்டினவங்க இருந்தா கேட்டு வைங்க, அவங்களுக்கு அந்தக் குழாய்கள் ஞாபகம் இருக்கும்.